காளை இல்லாத கோதுமை வயல்

அத்தியாயம் 4

வேற்றுக்கிரகத்தார் எங்கள் நெதர்விக் கிராமத்துக்கு வந்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் போன் எனக்குத்தான் வந்தது. போலீஸுக்கு இரண்டாவது. இதில் எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. போலீஸ்காரரிடம் சொன்னால் போலீஸ்காரருக்குத் தெரியும். முடிவெட்டும் பெர்சி டக்கெட்டிடம் சொன்னால் டிவைசஸ் டவுன் வரைக்கும் தெரியும்.

போன் செய்தவர் பெரிய பண்ணைக்காரர் அம்புரோஸ் ஃபிரிப்.

"பெர்சி! என் பள்ளத்து வயல்ல வட்டம் விழுந்திருக்குய்யா! எல்லாருக்கும் சொல்லு!"

பறிகொடுத்தவர் குரலில் துக்கம் கொஞ்சம் குறைச்சலாக இருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. தூக்கக் கலக்கம்.

ராத்திரியோடு ராத்திரியாக வயலில் பயிர் வட்டமாகப் படுத்துக் கிடக்கும், வேற்றுக்கிரகத்தார் வேலை என்பார்கள்; வில்ட்ஷயரில் இந்தப் பயிர்வட்டம் புதுசு இல்லை. கோடையில் ஸ்ட்ராபெரி வரும், பின்னாலேயே வட்டம் வரும், அதற்குப் பின்னால் படிகக் கல்லும் யோகா பாயும் தூக்கிக்கொண்டு வெளியூர்க் கூட்டம் வரும். பயிர் போனவர்கள் கொஞ்சம் திட்டுவார்கள். பிறகு வாசலில் உண்டியல் வைப்பார்கள். புதுசு என்னவென்றால், இந்தத் தடவை திங்கட்கிழமைக்குள் ஃபிரிப் குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டார்.

போர்டு எழுதும் ஜோசி லவல்.

வட்டத்தின் ஓரத்தில், அவள் ஏறி நின்று போர்டு எழுதும் பலகை கிடந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்று ஊரில் உள்ள அத்தனை கடைகளின் பெயர்ப்பலகைச் சாயமும் சிந்திய பலகை. அடையாளம் காண யாரும் கண்ணாடி போட வேண்டியதில்லை. தவிர, சின்ன வயதில் வட்டம் போட்டவள்தான் அவள். மதுக்கடையில் உட்கார்ந்து தானே பெருமையடித்திருக்கிறாள். ஃபிரிப் போலீஸில் புகார் கொடுத்தார். ஜோசி குடியிருந்தது அவருடைய வீடு. "சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணு" என்று ஆள் அனுப்பிவிட்டார்.

ஜோசி நேராக ஹெஸ்டர் வாட்லியிடம் வந்தாள். திங்கட்கிழமை எனக்குக் கடை விடுமுறை. அதனால் நானும் அங்கேதான் இருந்தேன், ஹெஸ்டரின் சமையலறையில், ஹெஸ்டரின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு.

ஹெஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டிவைசஸ் தெருக்களில் தப்பான இடத்தில் கார் நிறுத்தியவர்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டியே தலை நரைத்தவள். ஒரு தடவை சவ ஊர்திக்கே ஒட்டினாள், உள்ளே ஆள் இருக்கும்போதே. ஓய்வு பெற்ற பிறகு துப்பறியத் தொடங்கினாள். எது எங்கே நிற்கக் கூடாதோ அது அங்கே நின்றால் அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். துப்பறிவதற்கு வேறென்ன வேண்டும் என்பாள். நான் அவளுக்கு உதவியாளன். சம்பளம் பிஸ்கட்.

"நான் செய்யல மேடம்," என்றாள் ஜோசி. "செஞ்சிருந்தா இவ்ளோ அசிங்கமா செஞ்சிருப்பேனா?"

"இதைப் போய் நீதிபதிகிட்ட சொல்லிடாதே," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க பெர்சி! அது வட்டமா? மிதிபட்ட உருளைக்கிழங்கு! சுத்தி நாலு வளையம், நாலும் நாலு பக்கம் இழுக்குது. இது என் கைவேலைன்னு ஊர் நம்பினா நாளைக்கு எவன் எனக்குப் போர்டு எழுதக் குடுப்பான்?"

"வீடு போறதை விட அதுதான் உனக்குக் கவலையா?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

ஜோசி தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "வீடும்தான். அந்த வீட்டு வடக்கு ஜன்னல் வெளிச்சத்துலதான் என் பொழப்பே ஓடுது. அப்படி ஒரு ஜன்னல் இந்தச் சுத்துவட்டாரத்துல கிடையாது, மேடம்."

"பலகை எங்க இருந்துச்சு?"

"கொட்டகையில. பூட்டித்தான் வச்சிருந்தேன்."

"சாவி?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு வீட்டுக்காரர்கிட்ட."

ஹெஸ்டர் தொப்பியை எடுத்தாள். நான் மிச்ச பிஸ்கட்டை எடுத்தேன்.

*

ஃபிரிப்பின் வயல் வாசலில் திருவிழாக் கூட்டம். தேவாலயக் கூரைக்கென்று ஒரு உண்டியல். பக்கத்தில் ஜோசியின் பலகையை, தூக்குத் தண்டனைக் கைதி மாதிரி, வேலியில் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். இரண்டு முனையிலும் கயிறு போட்டிருந்தது. பலகையை ஒரு காலால் மிதித்து, கயிற்றைக் கையில் பிடித்துத் தூக்கி, அடுத்த அடி வைத்து மறுபடி மிதிக்க வேண்டும். பயிர் படுத்துவிடும். வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

"பெர்சி, ஏறு," என்றாள் ஹெஸ்டர்.

அவிழ்த்துக் கீழே போட்டு மிதித்தேன். கயிற்றை இழுத்தேன். அது விறைப்பதற்குள் என் கை கழுத்து வரை வந்துவிட்டது.

"என்னய்யா, தூக்குப் போட்டுக்கப் போறியா?"

"கயிறு நீளம் மேடம். இதை வச்சு நான் பல்லுதான் தேய்க்கலாம்."

"நீயே இப்படின்னா ஜோசி?"

ஜோசி என் தோளுக்குத்தான் வருவாள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் மேல் ஒரு நிழல் விழுந்தது. நீளமான நிழல்.

அம்புரோஸ் ஃபிரிப் எங்கள் ஊரிலேயே உயரமானவர். அவர் தலையுச்சியை ஊரில் என்னைத் தவிர யாரும் மேலிருந்து பார்த்ததில்லை, அதுவும் அவர் என் நாற்காலியில் உட்கார்ந்தால்தான். அது ஒரு தொழில் ரகசியம். இடது காதுக்கு மேலே வளரவிட்ட ஒரு கற்றையை உச்சந்தலையைத் தாண்டி வலது காது வரை கொண்டுபோய், களிம்பு தடவி ஒட்டிவிடுவது என் வேலை. மிச்சம் அவர் பார்த்துக்கொள்வார். எங்கே நின்றாலும் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பித்தான் நிற்பார். நெதர்விக்கில் காற்று எந்தத் திசை என்று தெரியவேண்டுமா, ஃபிரிப்பைப் பார்த்தால் போதும்.

"வாங்க ஹெஸ்டர். அந்தப் பொண்ணுக்காக வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் மேற்கே பார்த்தபடி. "தாராளமா பாருங்க. நடுப்பக்கம் மட்டும் மிதிச்சிடாதீங்க."

"ஏன்?"

"நாளன்னைக்கு நடுவர்கள் வர்றாங்க. கோதுமைப் போட்டி. நடந்தது நடந்தபடி அவங்க பார்க்கணும்."

மாவட்டத்தின் சிறந்த கோதுமை வயலுக்கான வெள்ளிக் கோப்பை. வருடக்கணக்காக ஃபிரிப் வீட்டு வரவேற்பறையில்தான் இருக்கிறது. அவர் மனைவிகூட அதைத் துடைக்க அனுமதி கேட்க வேண்டும்.

"பாவம். கோப்பை கைவிட்டுப் போயிடுமோ?" என்றாள் ஹெஸ்டர்.

"போகாது. வெளியாள் செஞ்ச நாசம்னா அந்த இடத்தைக் கழிச்சிட்டு மத்ததுக்கு மார்க் போடுவாங்க. ஆள் யாருன்னு போலீஸ்ல சொல்லியிருக்கணும். அவ்வளவுதான். சொல்லியாச்சே!"

சொல்லிவிட்டு அவசரமாகத் திரும்பினார். காற்று மாறியிருந்தது.

பள்ளத்தில் இறங்கினோம். போன வாரம் அடித்த புயலில் தேவாலயத் தேநீர்க் கூடாரமே பறந்துபோய் மதுக்கடைக் கூரையில் உட்கார்ந்துகொண்டது. ஆனால் வழியெல்லாம் அண்டை வயல்களில் கோதுமை பொன்னிறமாக, நிமிர்ந்துதான் நின்றது. ஃபிரிப் வயலும் மேட்டில் அப்படித்தான். பள்ளத்தில் மட்டும் வட்டம். ஜோசி சொன்னது சரி. அதை வட்டம் என்பது வட்டத்துக்கு அவமானம்.

நட்டநடுவில் ஒரு பெண்மணி மல்லாந்து படுத்திருந்தாள். பாத் நகரத்திலிருந்து வந்தவளாம். பெயர் டாஃப்னி.

"உஷ்! இங்க சக்தி ஓடுது," என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"எந்தப் பக்கமா ஓடுதுங்க? நாங்க வழி விடறோம்," என்றேன்.

"கிண்டல் பண்ணாதீங்க. மத்த இடமெல்லாம் பயிர் பழுத்துடுச்சு. இங்க மட்டும் இன்னும் பச்சையா இருக்கு பாருங்க. கரும்பச்சை! அவங்க கப்பல் இறங்கின இடத்துல உயிர் ஊறுது."

ஹெஸ்டர் குனிந்தாள். பச்சைதான். நடுவில் கிடந்த கோதுமைத் தாள்கள் பருத்து, கொழுகொழுவென்று, பக்கத்து வயல் தாளைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருந்தன. வளையங்களில் கிடந்தவை ஒரே திசையில் ஒழுங்காகப் படுத்திருந்தன. நடுவில் கிடந்தவை கண்டபடி கிடந்தன. அதோடு, நடுவில் இருந்த ஒவ்வொரு கதிரும் முனையில் முழங்காலை மடக்கினமாதிரி வளைந்து, தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன பெர்சி தோணுது?"

"தலையணையில நசுங்கின முடி மாதிரி இருக்கு மேடம். காலையில எந்திரிச்சா நட்டுக்கிட்டு நிக்குமே, அது." எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இந்த வளையமெல்லாம் பார்த்தா, வழுக்கையைச் சுத்திச் சுத்திச் சீவி மறைச்ச மாதிரி இருக்கு. நான் பார்க்காத தலையா!"

நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். ஹெஸ்டர் சிரிக்கவில்லை. நடுவிலிருந்து ஒரு கதிர், வளையத்திலிருந்து ஒரு கதிர், இரண்டைப் பறித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு டாஃப்னிக்கு நன்றி சொன்னாள். எதற்கு என்று டாஃப்னிக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

திரும்பும்போது பள்ளத்தின் மறு ஓரத்தில், நடைபாதை வயலுக்குள் நுழைகிற மரப்படிக்குப் பக்கத்தில் நின்றாள். தரையில் இரண்டு குழிகள். மண் இன்னும் புதுசு.

"இங்க என்ன நட்டிருந்தாங்க?"

"போர்டு. 'காளை உண்டு, எச்சரிக்கை.' புயலுக்கு மறுநாள் நாயைக் கூட்டிட்டு இந்தப் பக்கம் வந்தேன், பார்த்துட்டுத் திரும்பிட்டேன். நான் மட்டுமில்ல, பாதிரியார், தபால்காரர் எல்லாரும்தான். அந்த வாரம் முழுக்க ஊரே சுத்து வழியாத்தான் போச்சு."

"காளையைப் பார்த்தியா?"

"அதான் போர்டு இருந்துச்சே மேடம்."

"கோதுமை வயல்ல காளையை விட்டா என்னய்யா ஆகும்?"

"காளைக்கு வயிறு நிறை—"

பாதியில் நிறுத்திக்கொண்டேன். போட்டிக்கு விட்ட வயல். கோப்பை வாங்கும் வயல். அதில் காளை. ஊர் மொத்தமும் ஒரு வாரமாக அந்தப் போர்டைப் படித்திருக்கிறது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் கடவுளைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. போர்டைச் சந்தேகிப்பவர்கள் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை ஊரையே கூப்பிட்டப்போ காளை எங்க போச்சு?" என்றாள் ஹெஸ்டர். "சரி, அந்த போர்டை எழுதினது யாரு?"

நெதர்விக்கில் போர்டு எழுதுகிறவள் ஒருத்திதான்.

*

செவ்வாய்க்கிழமை காலை என் கடைப் பெயர்ப்பலகைக்குத் திடீரென்று புதுச் சாயம் தேவைப்பட்டது. தேவைப்படுகிறது என்று ஹெஸ்டர் எனக்குச் சொன்னாள். ஜோசி ஏணி போட்டு வேலையில் இருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது.

ஃபிரிப் வந்தார். மறுநாள் நடுவர்கள் வருகிறார்களே, தலை கச்சிதமாக இருக்க வேண்டாமா? ஏணியை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் மூட்டை கட்டலையா நீ?"

"இந்தப் பலகை காயட்டும்னு பார்க்கறேன்," என்றாள் ஜோசி, தூரிகையை எடுக்காமலே.

உள்ளே வந்து உட்கார்ந்தார். துணி போர்த்தினேன். கற்றையை அவிழ்த்து ஈரமாக்கினேன். அது இடது தோள் வரை தொங்கியது. மேலே உச்சந்தலை, தேநீர்த் தட்டு மாதிரி பளபளத்தது. இந்த நிலையில் ஃபிரிப்பை உலகில் வேறு யாரும் பார்த்ததில்லை. சரியாக அந்த நேரத்தில் ஹெஸ்டர் உள்ளே நுழைந்தாள். கையில் ஜோசியின் பலகை.

"பெர்சி, சீப்பைக் கீழ வை."

"சீவு பெர்சி!" என்றார் ஃபிரிப். எழுந்து ஓடியிருப்பார். ஆனால் கற்றை என் கையில் இருந்தது.

"ரெண்டே நிமிஷம் ஃபிரிப்," என்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து இரண்டு கதிர்களை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். "இது வளையத்துல பறிச்சது. இப்பத்தான் விழுந்தது, தரையைப் பார்த்துக் கிடக்கு. இது நடுவுல பறிச்சது. விழுந்து ரொம்ப நாளான பயிர்தான் வெளிச்சத்தைத் தேடி இப்படித் தலையைத் தூக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

ஃபிரிப் கதிரைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"நடுப்பகுதியை யாரும் மிதிக்கல. அது புயல்ல தானா சாஞ்சது. ஊருல எவன் பயிரும் சாயல. உங்களோடது மட்டும் ஏன் சாஞ்சது? ஏன் அது மட்டும் கரும்பச்சை? ஏன் தாள் அவ்ளோ கொழுப்பு?"

"மழைக்கு எதுவும்—"

"அந்த இடத்துக்கு ரெண்டாவது தடவை உரம் போட்டிருக்கீங்க."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பையன் ஜாம் திருடி மாட்டிக்கொண்ட முகம்.

"நடுவர்கள் பள்ளத்துப் பக்கம் இருக்கிற கீழ் வாசல் வழியாத்தான் வருவாங்க," என்றார் கடைசியில், மெல்ல. "முதல் பார்வை அங்கதான் விழும். அங்க மட்டும் கொஞ்சம் செழிப்பா இருக்கட்டும்னு... கொஞ்சம்தான் போட்டேன்."

"அது செழிச்சு, செழிச்சு, நிக்க முடியாம விழுந்துடுச்சு. கோப்பைக்காரர் வயல்ல அளவு தெரியாம உரம் போட்டுப் பயிர் சாஞ்சுதுன்னா பக்கத்து ஊர்வரைக்கும் சிரிப்பாங்க. அதனால புயலுக்கு மறுநாளே ஜோசிகிட்டயே போய் அவசரமா ஒரு காளை போர்டு எழுதச் சொன்னீங்க. யாரும் வந்து பார்க்காம இருக்க. ஆனா நடுவர்கள் போர்டுக்குப் பயப்பட மாட்டாங்களே! அப்பத்தான் வட்டம் ஞாபகம் வந்துச்சு. விழுந்ததைச் சுத்தி இன்னும் கொஞ்சம் விழ வச்சிட்டா, விழுந்தது தெரியாது."

"பழியைப் போட ஒரு ஆளும் வேணும்," என்றேன் நான். "வெறும் வேற்றுக்கிரகத்தார்னா நடுவர்கள் கழிச்சு விட மாட்டாங்க. அதான் உங்ககிட்ட இருக்கிற சாவியில கொட்டகையைத் திறந்து ஜோசி பலகையை எடுத்துட்டீங்க."

"ஆதாரம்?" என்றார் ஃபிரிப். குரல் அவ்வளவு உயரமாக இல்லை.

ஹெஸ்டர் பலகையை அவர் காலடியில் போட்டாள். "எந்திரிச்சு ஒரு கால் வைங்க. கயிறு உங்க கைக்குச் சரியா வரலைன்னா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. பலகையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், துணிக்குள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் எங்களுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தூரிகைச் சத்தம் நின்று ரொம்ப நேரமாகியிருந்தது. கண்ணாடியில் ஏணியும் ஏணிப்படியில் இரண்டு சாயம் சிந்திய பூட்ஸும் தெரிந்தன. ஃபிரிப்பும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கறீங்க?"

"புகாரை வாபஸ் வாங்கிடுங்க. அவ வீட்டுலயே இருக்கட்டும்."

"புகாரை வாபஸ் வாங்கினா வெளியாள் இல்லைன்னு ஆயிடும். கோப்பை போயிடும் ஹெஸ்டர்."

"போகும்," என்றாள். அபராதச் சீட்டை ஒட்டிவிட்டு நகரும்போது அவள் குரல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

தண்ணீர் கற்றையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கை வலித்தது, ஆனால் விட மனசு வரவில்லை.

"பெர்சி," என்றார் ஃபிரிப்.

"சார்?"

"உண்மையைச் சொல்லு. இது... வெளியில தெரியுதா?"

என் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. வருடக்கணக்காக அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். ஹெஸ்டரைப் பார்த்தேன். அவள் சீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்தடிச்சா தெரியும் சார்."

"வில்ட்ஷயர்ல என்னைக்குய்யா காத்தடிக்கல?"

"அதான் சார்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியாது சார். பாத்ல இருந்து வந்தாங்களே டாஃப்னி, அவங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிட்டு இருந்தாங்க."

ஃபிரிப் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். இல்லை. சிரிக்கிறார். வருடங்களுக்கு அப்புறம் காற்றைப் பற்றிக் கவலைப்படாமல் சிரிக்கிற மனிதர் மாதிரி இருந்தது அது.

"நாளைக்கு நடுவர்கள் வரும்போது," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கீழ் வாசல் வழியாவே கூட்டிட்டு வர்றேன். நானே சொல்லிக்கறேன். எவனாவது சிரிச்சா சிரிக்கட்டும்." ஜன்னல் பக்கம் திரும்பாமலே குரலை உயர்த்தினார். "ஏய் பொண்ணே! மூட்டையைப் பிரிச்சுடு. ஜன்னல் உனக்குத்தான்."

"நான் கட்டவே இல்லையே!" என்றது ஏணி.

"பெர்சி. இதை வெட்டிடு."

"சார், மறுபடி வளர நாளாகும்."

"வளர வேண்டாம்னுதான்யா சொல்றேன்."

கத்தரியை எடுத்தேன். ஒரே வெட்டு. அத்தனை வருடமாக நான் வளர்த்துச் சீவி ஒட்டிய கற்றை, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் விழுந்து, சுருண்டு, ஈரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரு வட்டம்.

ஜோசி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"இதுவும் கோணல்," என்று சொல்லிவிட்டு, மறுபடி தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள்.